ஒரே கம்பியில் பல மின்மானிகள்

திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காடு ஏரியின் மீனவர் ஊர்களில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. வலை போடத் தக்க இடங்கள் சில. உரிமை உடையோர் பலர். ஆகவே சீட்டுப் போட்டு, முறை வைத்து மீன் பிடிப்பார்கள். ஒருவர் முறையில் மற்றவர் இறங்குவதில்லை. மின்மானிகளின் வரலாறும் கடைசியில் இந்த ஏற்பாட்டிற்கே வந்து சேர்ந்தது.

மீட்டர் என்று நாம் அழைக்கும் மின்மானியில் தட்டு சுழல்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தகைய மின்மானியை ஹங்கேரி நாட்டு ஓட்டோ பிளாத்தி 1889-இல் உருவாக்கினார். அதன் எண்ணைக் குறிக்க ஆள் நேரில் வரவேண்டும். பின்னர் மின்னணு மின்மானிகள் வந்தன. அவை அளவைத் தாமே சொல்ல வல்லவை. ஆனால் பலவற்றை எப்படி இணைப்பது?

1960-இல் வந்த ஆர்.எஸ்.-232 முறையில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு மட்டுமே பேசும். மோட்டார்கள் ஓடும் இடத்தில் மின் இரைச்சலும் அதைக் கெடுக்கும். இதற்கு மருந்து முன்பே இருந்தது. 1881-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்கு இரு கம்பிகளை முறுக்கிப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பியில் 3 வோல்ட், மற்றதில் 1 வோல்ட் என்க, வேறுபாடு 2. இரைச்சல் இரண்டிலும் 1 வோல்ட் கூட்டினால் 4, 2 ஆகும். வேறுபாடு அதே 2 அல்லவா? இத்தத்துவத்தில் 1983-இல் ஆர்.எஸ்.-485 தரம் பிறந்தது. ஒரே இணைக்கம்பியில் 32 கருவிகள். தூரம் சுமார் 1,200 மீட்டர்.

கம்பி ஒரு மின்மானியிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலிபோலச் செல்லவேண்டும். இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். இல்லையேல், கரையில் மோதிய அலைபோலச் சைகை திரும்பி வந்து குழப்பும்.

யார் எப்போது பேசுவது? அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மோட்பஸ் விதி இதற்கு உதவியது. ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247 வரை ஓர் எண். தலைமைக் கருவி எண்ணைக் கூப்பிடும். அதற்குரியது மட்டும் பதில் சொல்லும்.

ஒருமுறை மாணவர்களோடு மூன்று மின்மானிகளை இணைத்தேன். ஒரு விடையும் சரியாக வரவில்லை. கம்பியைச் சந்தேகித்தே ஒரு பகல் போயிற்று. பிறகு பார்த்தால், மூன்றுக்கும் எண் 1! மூன்றும் ஒரே நேரத்தில் பேசியிருக்கின்றன. நல்லவேளையாக, விடையோடு வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாததால் தலைமைக் கருவி எதையும் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் யாரோ ஒருவர் பயன்படுத்தாத மின்சாரத்திற்குப் பணம் கட்டும் நிலை வரக்கூடும்.

எண்களை மாற்றினோம், மூன்றும் முறைப்படி பேசின. பொதுவான நீரானாலும் கம்பியானாலும், அவரவர் முறைக்குக் காத்திருந்தால்தான் எல்லோருக்கும் பயன்.