டென்மார்க்காரர் நம் ஊருக்கு ஏன் வந்தார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "ஐயா, பக்கத்துல நெல்லிக்குப்பத்துக்கு பாரி கம்பெனி வந்தது புரியுது, கரும்பு இருந்துச்சு. நம்ம மேல்பட்டாம்பாக்கத்துக்கு டென்மார்க்காரன் எதுக்கு வந்தான்?" வகுப்பில் ஒருநாளும் கேள்வி கேட்காத பையன். இப்போது மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டான்! மிஷன் வளாகத்தைத் தினமும் கடந்து போகும் பலருக்கும் இதற்கு விடை தெரியாது.

விடை ஒரே சொல்தான். சாதி.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-இல். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே மிஷன் வேலை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கைக்கு வந்திருந்தது. சபைகளில் பழைய பிரச்சினை அப்படியே இருந்தது. சேர்ந்து உட்காரலாமா, நற்கருணையை ஒரே கிண்ணத்தில் குடிக்கலாமா, சேர்ந்து சாப்பிடலாமா என்பதுதான் சண்டை. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக வழக்கம், மெல்லத்தான் மாறும், அதுவரை பொறுத்துப் போகலாம் என்ற கட்சி. இத்தனைக்கும் இவர்தான் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856-இல் வெளியிட்டவர். பிறப்பால் எல்லோரும் ஒன்று என்று வள்ளுவர் சொன்னதை அவரும் படித்துத்தானே மொழிபெயர்த்திருப்பார்!

அதே மிஷனில் வேலை செய்த கார்ல் ஓக்ஸ் என்பவர் இதை ஏற்கவில்லை. சண்டை முற்றி மிஷனை விட்டே வெளியேறினார். 1860-ஐ ஒட்டி நம் பகுதிக்கு வந்து ஒரு நிலையம் தொடங்கினார். பெயர் பெத்தானியா. 1821-இல் டென்மார்க்கில் தொடங்கிய மிஷன் சங்கம் பிறகு அவரையும் அவர் வேலையையும் ஏற்றுக்கொண்டது. ஆக, டென்மார்க்கின் பெயரோடு இங்கே முதலில் வந்தவர் ஒரு ஜெர்மன்காரர். இங்கிருந்துதான் அந்த மிஷன் தென்னாற்காட்டின் மற்ற ஊர்களுக்கும் போனது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழி வந்தது.

சரி, அதனால் சாதி போய்விட்டதா? முப்பது வருஷத்துக்கு மேல் வருகைப் பதிவேடு எழுதியவன் நான், என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்ததால் நம் ஊரில் ஒரு செங்கல் எழுந்தது என்பது சின்ன விஷயமில்லை.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பக்குவப்படுத்துவார்கள். அதனால்தான் சுவர் இரண்டு அடி தடிமன், மே மாதத்திலும் உள்ளே குளிர்ச்சி. சீமை ஓடும் ஒரு மிஷன் கொண்டுவந்ததுதான். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதற்கு முன் நம் வீடுகளுக்கு நாட்டு ஓடு, இல்லாவிட்டால் கீற்று.

2011 டிசம்பர் 30 தானே புயல் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டு ஓட்டில் பாதி பறந்துவிட்டது. மறு வருஷமே வீட்டை இடித்து மாடி போட்டேன். கடப்பாரைக்கு அந்தச் சுவர் லேசில் அசையவில்லை. கொத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். யோசிக்கவில்லை. வரலாறு பாடம் நடத்தியவன், ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

பழைய வகுப்புக் குழுப் படம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால் தேடிப் பாருங்கள். முகங்களுக்குப் பின்னால் சுவரோ தூணோ ஓட்டுக் கூரையோ தெரிந்தால் எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். எந்த வருஷம், யார் யார் நிற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எனக்கு முகம் நினைவிருக்கும், பெயர்தான் இப்போது தடுமாறுகிறது.