வாயில்வரை வந்தவர்கள்: இந்தியச் சட்ட உதவி வரலாற்றில் சட்ட மாணவர்கள்

முன்னுரை

இந்தியாவில் இலவசச் சட்ட உதவி பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்த குழு அறிக்கைகள், சட்டங்கள், ஒழுங்குமுறைகள் பலவற்றிலும் சட்ட மாணவர் இடம்பெறுகிறார். ஏழை மக்களை அணுகவும், அவர்தம் குறைகளைக் கேட்டு எழுதவும், சட்ட அறிவைப் பரப்பவும் அவர் அழைக்கப்படுகிறார். எனினும், அவர் எந்தத் தகுதியுடன் அப்பணியைச் செய்வார் என்ற வினாவை இவ்வாவணங்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. கைதி ஒருவருக்காகப் பிணை மனுவை மாணவர் எழுதித் தரலாம். அம்மனுவின்மீது நடுவர் ஐயம் எழுப்பினால் எழுந்து விடை கூறும் உரிமை அவருக்கு இல்லை. இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, அது மாணவர் பணியை எவ்வாறு உருமாற்றியது, அதனைத் தாண்டிச் செல்ல எங்கெங்கு வழி பிறந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறக்கொடையிலிருந்து அரசின் கடமைக்கு

விடுதலைக்குப் பின் 1949ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்தில் நீதிபதி என்.எச். பகவதி தலைமையிலும், மேற்கு வங்கத்தில் நீதிபதி டிரெவர் ஹாரிஸ் தலைமையிலும் சட்ட உதவி பற்றி ஆராயக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1958இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கையும் இப்பொருளை எடுத்துக்கொண்டது. சட்ட உதவி என்பது வழக்கறிஞர்களின் ஈகையாக இருத்தல் போதாது, அரசின் கடமையாக வேண்டும் என்ற கருத்து இக்காலத்தில் வலுப்பெற்றது. ஆயினும் அறிக்கைகள் ஏட்டளவில் நின்றன.

1970களில் நிலைமை மாறியது. முதலிற் குறிப்பிட்ட பகவதியின் மகனான நீதிபதி பி.என். பகவதி குஜராத்தில் சட்ட உதவிக் குழுவுக்குத் தலைமையேற்றார். 1973இல் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான வல்லுநர் குழு தன் அறிக்கையை அளித்தது. 1977இல் அவ்விருவரும் இணைந்து மற்றோர் அறிக்கையை அளித்தனர். இதற்கிடையே, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பின் நெறிமுறைக் கோட்பாடுகளுள் 39அ உறுப்பு சேர்க்கப்பட்டு, இலவசச் சட்ட உதவி அரசின் பொறுப்பாக்கப்பட்டது.

சட்டக் கல்லூரிகள் இத்திட்டத்திற்குள் இழுக்கப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஆள்வலு. சிற்றூர்வரை செல்லத்தக்க, ஊதியம் எதிர்பாராத, சட்டம் அறிந்த கூட்டம் கல்லூரிகளில்தான் இருந்தது. மற்றொன்று கல்வியாளர்களின் கவலை. விரிவுரையும் மனப்பாடமும் கொண்டு மூன்றாண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஒரு கட்சிக்காரரைக்கூட நேரிற் காண்பதில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1970களின் தொடக்கத்தில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் சட்ட உதவியை விருப்பப் பாடமாக்கியது. தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தம் விருப்பத்தின்பேரில் சட்டப்பணி மையம் ஒன்றை நடத்தினர். அங்குப் பணியாற்றிய என்.ஆர். மாதவ மேனன் பின்னர்ப் பெங்களூருத் தேசியச் சட்டப் பள்ளியின் நிறுவன இயக்குநரானபோது இவ்வனுபவத்தை உடன் கொண்டுசென்றார்.

ஏழைக்கு உதவி, மாணவருக்குப் பயிற்சி என்னும் இவ்விரு நோக்கங்களும் ஒன்றே எனக் கருதப்பட்டன. அவை எப்போதும் ஒன்றல்ல. பயிற்சிக்குப் பருவத் தேர்வோடு முடிவு உண்டு. கட்சிக்காரரின் வழக்குக்கு அவ்வாறு முடிவு வருவதில்லை.

வழக்கறிஞர்கள் சட்டம் இட்ட எல்லை

சட்ட உதவி மையத்தைக் குறிக்கும் 'கிளினிக்' என்ற சொல் மருத்துவத்திலிருந்து பெறப்பட்டது. அமெரிக்கரான ஜெரோம் ஃபிராங்க் 1933இல் எழுதிய கட்டுரையில், மருத்துவ மாணவர் நோயாளியின் படுக்கையருகே கற்பதுபோலச் சட்ட மாணவரும் கற்க வேண்டும் என வாதிட்டார். அந்நாட்டில் 1893இலேயே பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் இத்தகைய பணியைத் தொடங்கியிருந்தனர். 1913இல் ஹார்வர்டு சட்ட உதவி அமைப்பு தோன்றியது. பின்னர் அங்கு மாநிலந்தோறும் நீதிமன்ற விதிகள் இயற்றப்பட்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் நீதிமன்றத்தில் வாதிட இசைவு வழங்கப்பட்டது.

இந்தியா சொல்லை எடுத்துக்கொண்டது; அவ்விதியை எடுத்துக்கொள்ளவில்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29, 33 ஆகிய பிரிவுகள் வழக்கறிஞராகப் பதிவுபெற்றோர்க்கே தொழில் உரிமையை அளிக்கின்றன. போலி வழக்கறிஞரிடமிருந்து மக்களைக் காப்பதற்கு இவ்வேற்பாடு தேவையானதே. அதே சட்டத்தின் 32ஆவது பிரிவு ஒரு சிறு சாளரத்தையும் திறந்துவைத்துள்ளது. குறிப்பிட்ட வழக்கொன்றில், பதிவுபெறாத ஒருவரையும் தன் முன் தோன்ற நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பது அதன் பொருள். ஹரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் (1978) இதனை விளக்கிய உச்ச நீதிமன்றம், இது உரிமையன்று, முன்னிசைவு பெற்றே நுழைய வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது.

இச்சாளரத்தை மாணவர்க்குரிய வாயிலாக விரிவுபடுத்த நாடு தழுவிய விதி எதுவும் இயற்றப்படவில்லை. நுகர்வோர் மன்றங்களில் வழக்கறிஞர் அல்லாத முகவரும் தோன்றலாம் என்ற நடைமுறையை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பழுதான குளிர்பெட்டிக்கு இழப்பீடு கேட்கும் இடத்தில் ஒரு மாணவர் முகவராக நின்று பேசக்கூடும். தனிமனித விடுதலை பற்றிய வழக்கில் அவர் பார்வையாளர் இருக்கையில் அமர வேண்டும். இவ்வேறுபாட்டிற்கு வலுவான நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

கடிதம் திறந்த வழி

வழக்கறிஞராக நுழைய இயலாத மாணவர் மனுதாரராக நுழைந்த ஒரு காலமும் உண்டு. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கு, பீகார்ச் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர் தம் குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி அடைபட்டிருந்த நிலையை வெளிப்படுத்தியது. இலவசச் சட்ட உதவி 21ஆவது உறுப்பின்கீழ் நேர்மையான நடைமுறையின் இன்றியமையாக் கூறு என நீதிமன்றம் அறிவித்தது. 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கின் தீர்ப்பு, வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றத்தை அணுக முடியாதவர்க்காகப் பொதுநல நோக்குடைய எவரும் முறையிடலாம் எனவும், கடிதமும் மனுவாக ஏற்கப்படும் எனவும் வகுத்தது.

இம்மாற்றத்தில் சட்டக் கல்வி நிலையங்களுக்கு நேரடிப் பங்குண்டு. ஆக்ராவிலிருந்த பெண்கள் பாதுகாப்பு இல்லத்தின் இழிநிலை குறித்துத் தில்லிச் சட்டப் பேராசிரியர்களான உபேந்திர பக்சியும் லோதிகா சர்க்காரும் எழுதிய கடிதம் உச்ச நீதிமன்றத்தில் மனுவாக ஏற்கப்பட்டது. அதே காலத்தில் தில்லியிலிருந்த பெண்கள் இல்லம் ஒன்றைக் குறித்து, தில்லிச் சட்டப் புலத்தின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரும் சமூகப் பணியாளர் ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். பொதுநல வழக்கின் வரலாற்றில் பேராசிரியர்களின் கடிதம் பேசப்படும் அளவிற்கு இம்மாணவர் வழக்கு பேசப்படுவதில்லை.

இதனுள் பொதிந்துள்ள முரண் கருதத்தக்கது. ஓர் இல்லத்தில் அடைபட்ட பெண்கள் அனைவருக்காகவும் நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அணுகும் தகுதி அம்மாணவர்க்கு இருந்தது. அப்பெண்களுள் ஒருவரைக் கீழமை நீதிமன்றம் அழைத்தால், அவர் பக்கம் நின்று வாதிடும் உரிமை இல்லை. பொதுநல வழக்கு துன்புறுவோரைத் திரளாகக் கண்டது. சட்ட உதவியின் அன்றாடத் தேவையோ தனி மனிதர், தனி வழக்கு, அடுத்த வாய்தா என்ற அளவில் அமைந்தது. கடிதம் திறந்த வழி இத்தேவைக்குப் பயன்படவில்லை.

பாடமும் முகாமும்

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்றே நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்டப்பணி மையங்கள் அமைவதை ஊக்குவிப்பதும் மேற்பார்வையிடுவதும் தேசிய ஆணைக்குழுவின் பணிகளுள் ஒன்று என அதன் 4ஆவது பிரிவு கூறுகிறது. 1997இல் இந்திய பார் கவுன்சில் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியபோது அவற்றுள் ஒன்று பொதுநல வழக்காடல், சட்ட உதவி ஆகியவற்றுக்கு உரியதாக இருந்தது.

2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில் நேர்ந்த மாற்றம் போதிய கவனம் பெறவில்லை எனலாம். ஒவ்வொரு சட்டக் கல்வி நிறுவனமும், மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இறுதியாண்டு மாணவர் நடத்தும் சட்ட உதவி மையத்தை நிறுவ வேண்டும் என அவ்விதிகள் கட்டளையிட்டன. ஆனால் கட்டாயச் செய்முறைத் தாள்களின் பட்டியலில், சட்ட உதவிக்கு இருந்த இடத்தை மாற்றுமுறைத் தீர்வு பெற்றது. மையம் கட்டாயமாயிற்று, அம்மையத்தில் செய்யும் பணிக்குரிய தாள் கட்டாயப் பட்டியலிலிருந்து நீங்கிற்று. மதிப்பெண் இல்லாத பணி மாணவரின் நேரத்திலும், பணிச்சுமைக் கணக்கில் ஏறாத பொறுப்பு ஆசிரியரின் நேரத்திலும் கடைசி இடத்தையே பெறும் என்பதைக் கல்லூரியிற் பணியாற்றுவோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

தேசிய ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், மாணவர்கள் சிற்றூர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு முகாம்கள் நடத்தவும், மக்களின் சட்டச் சிக்கல்களைக் கணக்கெடுக்கவும் வழிகாட்டுகின்றன. விழிப்புணர்வு முகாம் கல்லூரிக்கு எளிது. ஒரு நாளில் முடியும், ஒளிப்படம் கிடைக்கும், ஆய்வுக் குழுவின் முன் வைக்க அறிக்கை உருவாகும். முகாமில் பட்டாச் சிக்கலுடன் வந்த முதியவர்க்கு அடுத்த திங்களில் யார் விடை சொல்வார் என்பது முகாம் அறிக்கையில் இடம்பெறும் செய்தியன்று. வாதிடும் உரிமை இல்லாமையே முகாமுக்கு முழுக் காரணம் எனக் கூற இயலாது. எனினும், ஒரு வழக்கை இறுதிவரை கொண்டுசெல்ல இயலாத அமைப்பு, தொடக்கத்தோடு முடியும் பணிகளை நாடுவது இயல்பே.

உரிமை இருந்த இடத்தில் நேர்ந்தது

அவ்வாறாயின், அமெரிக்க விதியை அப்படியே இங்குக் கொண்டுவருதல் போதுமா? அந்நாட்டின் லூசியானா மாநில நிகழ்வுகள் ஐயத்தை எழுப்புகின்றன. அங்குள்ள செயின்ட் ஜேம்ஸ் மாவட்டத்தின் கான்வென்ட் என்னும் ஊரில், கறுப்பின ஏழை மக்கள் மிகுதியாக வாழும் பகுதியில், ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவில் பி.வி.சி. ஆலை அமைக்க ஷின்டெக் நிறுவனம் முனைந்தது. எதிர்த்த ஊர்மக்களுக்காக, 1989இல் நிறுவப்பட்ட துலேன் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் சட்ட மையத்தின் மாணவர்கள் வாதாடினர். 1997இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை மாநிலம் அளித்த காற்று மாசு உரிமத்தை மறுபரிசீலனை செய்யப் பணித்தது.

மாநில ஆளுநரும் வணிக அமைப்புகளும் மையத்தின்மீது சினந்தனர். 1998 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், மாணவர் வாதிடுவதற்கான விதியைத் திருத்தியது. ஓர் அமைப்புக்காக மாணவர் தோன்ற வேண்டுமெனில் அதன் உறுப்பினருள் 51 விழுக்காட்டினர் வறியவர் எனச் சான்று காட்ட வேண்டும் என்பது போன்ற தடைகள் புகுத்தப்பட்டன. ஊர்ச் சங்கத்தில் சேர விரும்புவோர் தம் வருமானத்தை வெளியிட வேண்டிய நிலை உருவாயிற்று. மறு ஆண்டில் சில தளர்வுகள் வழங்கப்பட்டன. விதியை எதிர்த்த வழக்கு 2001இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மாணவர் வாதிடும் வாய்ப்பு உரிமையன்று, மாநிலம் வழங்கிய சலுகையே என்ற நிலைப்பாடு வென்றது. ஆலையோ 1998இலேயே அவ்வூரைக் கைவிட்டு வேறிடம் நாடியிருந்தது.

மாணவரின் பணி பயனற்றதாக இருந்தவரை எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் அத்தகைய விதி வருமாயின், அது எவரால் வழங்கப்படுகிறது, எவரால் திரும்பப் பெறப்படலாம் என்பதையும் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும்.

ஆவணங்களின் வழியே ஒரு பாதை

வாதிடும் உரிமை இன்றியும் மாணவர் ஆழமாகப் பணியாற்றிய இடம் சிறை. தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கி 2016இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வில், மாணவர்கள் சிறைகளுக்கும் கைதிகளின் வீடுகளுக்கும் நேரிற் சென்று செவ்வி கண்டனர். அவ்வாய்வுக் காலத்தில் மரண தண்டனை பெற்றிருந்த 385 பேருள் 373 பேரைப் பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர் எனத் தெரியவந்தது. தமிழ்நாட்டில் கைதிகளைச் சந்திக்க இசைவு கிடைக்காமையால் இங்கிருந்த 12 பேர் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. நீதிமன்ற வாயிலைப் போலவே சிறை வாயிலும் பிறர் இசைவைச் சார்ந்தே திறக்கிறது.

விசாரணைக் கைதிகள் தொடர்பான சட்டம் இவ்வகைப் பணிக்கு இப்போது புதிய இடம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 436அ பிரிவு, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடுவிக்க வகைசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, முன்பு குற்றத் தீர்ப்புப் பெறாதவர்க்கு அக்காலத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது. அதே வேளையில், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களையும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலுள்ளோரையும் விலக்கியுள்ளது. ஆகவே ஒருவர் தகுதியுடையவரா என அறிய, முதல் தகவல் அறிக்கை, காவல் நீட்டிப்பு ஆணைகள், பிற வழக்குகளின் நிலை ஆகியவற்றை ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும். இப்பணிக்கு வக்காலத்து வேண்டியதில்லை. பொறுமையும் சட்ட அறிவும் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும்.

தகுதிபெற்ற கைதிக்காக நீதிமன்றத்திற்கு எழுத்து வடிவில் விண்ணப்பம் அனுப்பும் கடமையை இப்பிரிவு சிறைக் கண்காணிப்பாளரிடமே ஒப்படைத்துள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக, மாணவர் தயாரிக்கும் கணக்கு கண்காணிப்பாளரின் மேசையை அடையுமாயின், அது அவருடைய கையொப்பத்துடன் நீதிமன்றத்திற்குள் செல்லும். இதற்குச் சிறைத் துறை, ஆணைக்குழு, கல்லூரி ஆகிய மூன்றுக்கும் இடையே எழுத்து வடிவிலான உடன்பாடும், மேற்பார்வை செய்யும் ஆசிரியரின் வாராந்தர மணிக்கணக்கில் இப்பணிக்கு ஓர் இடமும் தேவைப்படுகின்றன.