எஞ்சின் போட்ட இரைச்சல்: குட்டி விமானமும் ரேடியோவும்

உத்திரமேரூர் என்றவுடன் எல்லோருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். அந்தக் கதை கடைசியில் வரட்டும். முதலில் அதே ஊர்ப் பக்கத்து வயலில் இருக்கிற பம்ப்செட் கொட்டகைக்குப் போவோம். ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மீடியம் வேவில் பாடிக்கொண்டிருக்கிறது. யாரோ மோட்டார் சுவிட்சைப் போடுகிறார்கள். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், பாட்டு போய்விடுகிறது. ரோட்டில் ஒரு பெட்ரோல் வண்டி போனாலும் 'டப டப டப' என்று ரேடியோவும் கூடவே ஓடும். வண்டி தள்ளிப் போனதும் பாட்டு திரும்ப வரும்.

பாட்டு போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்ரோல் எஞ்சினே வானத்தில் பறந்து, ரேடியோவும் அதற்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்திருந்தால்? சின்ன விமானங்களின் சரித்திரத்தில் இது உயிர் போகிற பிரச்சினையாக இருந்திருக்கிறது. ஆனால் பைலட்டுகளையும் மெக்கானிக்குகளையும் தவிர யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? 1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் கண்டுபிடித்தது ஒரு தீப்பொறியை வைத்துத்தான். இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே பொறி பறந்தால், எட்ட இருக்கிற கம்பி வளையத்திலும் குட்டிப் பொறி பறந்தது. மார்க்கோனி அதையே பெரிதாக்கித் தந்தி அனுப்பினார். 1912-ல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டுக் கூப்பிட்டதும் பொறி வைத்து வேலை செய்யும் டிரான்ஸ்மிட்டரில்தான். ஆக, பொறி பறக்கும் இடமெல்லாம் ஒரு ரேடியோ நிலையம்!

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் செய்வதும் அதே வேலைதான். விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னெட்டோக்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்று செத்தாலும் இன்னொன்றை வைத்து இறங்கிவிடலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். 1200 பெருக்கல் 4, அதை இரண்டு பிளக்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 9600 பொறி. அதாவது ஒரு நொடிக்கு 160. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பறக்கும் ஒரு சின்ன மார்க்கோனி. பிளக்குக்குப் போகும் ஒயர்தான் அதற்கு ஏரியல். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதற்கு நடுவே தரையிலிருந்து வரும் மெல்லிய குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஆரம்ப காலத்து விமானிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. ரேடியோ இருந்தால்தானே இரைச்சல்! 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். டாட்டாவின் தபால் விமான சேவை தொடங்கியது இப்படித்தான். அந்த விமானத்தில் ரேடியோவே கிடையாது. அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில். வழி தெரிய வேண்டுமானால் குனிந்து ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால் அப்போது சென்னையில் ரேடியோ இருந்தது. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முன்னின்று 1924-ல் ஆரம்பித்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அதே வருடம் ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் அது 1927-ல் நின்றுபோனது. 1930-ல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. தரையில் பாட்டு கேட்கலாம், வானத்தில் ஒரு வார்த்தை கேட்க முடியாது என்ற நிலைமை.

வால்வு வைத்த ரேடியோ வந்து மனிதக் குரல் அலையில் ஏறியதும் பொறி விரோதியாகிவிட்டது. 1920களிலும் 30களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிளக் ஒயரின் மேல் உலோகப் பின்னலில் ஒரு சட்டை போட்டு, அதை எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிட வேண்டும். பிளக்குக்கும் உலோக மூடி. மேக்னெட்டோவுக்கும் உலோகக் கூடு. பொறியின் அலை வெளியே வராமல் உள்ளேயே அடங்கிவிடும். இதைத்தான் ஷீல்டிங் என்கிறார்கள். சொல்லுவது சுலபம். அந்தப் பின்னல் எடை கூட்டியது. உள்ளே ஈரம் புகுந்தால் மின்சாரம் கசிந்து எஞ்சினே தடுமாறியது. ரேடியோ நன்றாகக் கேட்க வேண்டுமா, எஞ்சின் நன்றாக ஓட வேண்டுமா என்று கேட்டால் எந்த பைலட்டும் எஞ்சினைத்தான் சொல்வார்.

இரண்டாவது வேலை, விமானத்தின் எல்லா உலோகப் பாகங்களையும் ஒன்றோடொன்று செப்புப் பட்டையால் இணைப்பது. அந்தக் காலத்து விமானத்தில் பாதி மரமும் துணியும். எலிவேட்டர், ரட்டர் எல்லாம் கீலில் ஆடும். காற்றில் தூசியும் மழைத்துளியும் உரசி உடம்பில் மின்சாரம் ஏறும். ஒரு பாகத்தில் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால் நடுவே பொறி தாண்டும். அதுவும் ரேடியோவில் கேட்கும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்க ராணுவமும் கடற்படையும் சேர்ந்து இதை ஆராய்ந்தன. ராஸ் கன் என்ற இயற்பியலாளர் அதற்குத் தலைமை. விமான இறக்கையின் பின் ஓரத்தில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் திரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஏறிய மின்சாரம் அதன் வழியே சத்தமில்லாமல் காற்றில் கசிந்துபோகும்.

ரேடியோ கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் அமேலியா இயர்ஹார்ட். 1937 ஜூனில் உலகைச் சுற்றும் பயணத்தில் அவர் கராச்சி, கல்கத்தா எல்லாம் வந்து போனவர். ஜூலை 2-ம் தேதி நியூகினியின் லே நகரிலிருந்து ஹவுலண்ட் என்ற துக்கடா தீவுக்குக் கிளம்பினார். அங்கே காத்திருந்த இடாஸ்கா கப்பலுக்கு அவர் குரல் பலமாகவே கேட்டது. கப்பலின் குரல் அவருக்குக் கேட்கவில்லை. 7500 கிலோசைக்கிளில் சிக்னல் கேட்டு வாங்கினார், அது கிடைத்தும் திசை பிடிக்க முடியவில்லை. அதற்குப் பின் விமானமும் இல்லை, ஆளும் இல்லை. ஏரியலில் கோளாறா, அலைவரிசைக் குழப்பமா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். எஞ்சின் இரைச்சல்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ரேடியோ எவ்வளவு ஆபத்து என்பது தெரிகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூர் ஹெச்.ஏ.எல். தயாரித்த புஷ்பக் 1958 செப்டம்பர் 28-ல் முதலில் பறந்தது. வி.எம். கட்கே குழுவின் வேலை. இரண்டு பேர் உட்காரலாம், துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைசக்தி காண்டினென்டல் எஞ்சின். நாடு முழுக்க ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை பைலட்டுகள் இதில்தான் பழகினார்கள். ஸ்டார்ட்டர் கிடையாது. முன்னால் ஒருவர் நின்று காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு கிளப்புகளுக்கு செஸ்னா வந்தது. அதில் ஆல்டர்நேட்டர், மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு என்று மின்சாரச் சாமான் கூடியது, கூடவே இரைச்சலின் வகைகளும் கூடின.

இரைச்சலைப் பிடிக்கிற முறையைக் கேட்டால் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். முதலில் எஞ்சினை நிறுத்தி, பேட்டரியில் ரேடியோவை மட்டும் போட்டுக் கேட்பார்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் எஞ்சின் குற்றவாளி இல்லை. எஞ்சின் ஓடும்போது 'டிக் டிக்' என்று வந்து வேகம் கூட்டினால் அதுவும் வேகமானால் மேக்னெட்டோ. உடனே இடது, வலது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். எதில் சத்தம் நிற்கவில்லையோ அந்தப் பக்கத்து ஒயரில் பின்னல் விட்டிருக்கும், அல்லது பிளக் நட்டு தளர்ந்திருக்கும். 'கொய்ங்' என்று வீணைத் தந்தி மாதிரி ஏறி இறங்கினால் ஆல்டர்நேட்டர். அதை ஒரு நிமிடம் அணைத்தால் சத்தம் செத்துவிடும். நொடிக்கு ஒரு முறை 'டப்' என்றால் ஸ்ட்ரோப் விளக்கு. தரையில் ஒன்றும் இல்லாமல் மேகத்துக்குள் போனால் மட்டும் வருகிறதா? செப்புப் பட்டையையும் திரியையும் பாருங்கள்.

இன்னொரு தந்திரம்தான் எல்லாவற்றையும் விட அழகு. ரேடியோவிலிருந்து ஏரியல் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இரைச்சல் நின்றால் அது காற்று வழியாக வந்தது. நிற்காவிட்டால் பவர் ஒயர் வழியாக வந்தது. ஒரே கழற்றலில் பாதி விமானம் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விடும்.

இதில் உயிருக்கு ஆபத்தான ஒரு இடமும் இருக்கிறது. மேக்னெட்டோவை அணைப்பது என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது இல்லை. ஒரு ஒயர் மூலம் அதை எர்த் செய்வது. வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர்! அந்த ஒயரிலும் இரைச்சல் கிளம்பும் என்பதால் அதையும் நோண்டுவார்கள். நோண்டியவர் திரும்ப மாட்டும்போது அது சரியாகப் பிடிக்காமல் போனால், சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். யாராவது காற்றாடியைச் சும்மா தள்ளினால் போதும், எஞ்சின் வெடித்து ஓட ஆரம்பிக்கும். அதனால்தான் நின்றிருக்கும் காற்றாடியையும் ஓடுகிறதாகவே நினைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சில பேர் இவ்வளவு கஷ்டப்படாமல் ஸ்குவெல்ச் குமிழைத் திருகி இரைச்சலை அமுக்கிவிடுவார்கள். காது சுகமாகிவிடும். ஆனால் தூரத்திலிருந்து மெல்லிசாக வரும் குரலும் அதோடு சேர்ந்து அமுங்கிப் போகும். கூப்பிட்டதே தெரியாது.

1993-ல் பெங்களூர் என்.ஏ.எல். ஹன்சா விமானத்தைப் பறக்கவிட்டது. 2000-ல் ஹன்சா-3க்குச் சான்றிதழ் கிடைத்தது. இதன் உடம்பு கண்ணாடி இழை. உலோகத் தோல் இருந்தால் அதுவே ஏரியலுக்குத் தரையாகவும் இரைச்சலுக்குத் தடுப்பாகவும் இருக்கும். இழை உடம்பில் அதைத் தனியாக உலோகம் வைத்து உண்டாக்க வேண்டும். ஒரு வகையில் புஷ்பக்கின் துணி இறக்கைக் கதைதான் திரும்ப வருகிறது.

வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கும் சென்னையில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. எஃப்.எம். அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசை அதே 108-ல் ஆரம்பிக்கிறது. எஃப்.எம். ரேடியோப் பெட்டி கேட்பது மட்டுமில்லை, உள்ளுக்குள் 10.7 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒரு சின்ன அலையையும் உண்டாக்குகிறது. 101.4 ரெயின்போ வைத்தால் பெரும்பாலான பெட்டிகளில் அது 112.1-ல் விழும். நேராக விமானத்தின் வழிகாட்டிக் கருவியின் இடத்தில்! அமெரிக்கா 1961-லேயே பயணிகளின் எஃப்.எம். ரேடியோவுக்குத் தடை போட்டதற்குக் காரணம் இந்தக் கூட்டல் கணக்குதான்.

விமானப் பேச்சு மட்டும் இன்றும் பழைய ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. எஃப்.எம்.மில் பலமானவர் குரல் மெலிந்தவர் குரலை முழுக்க விழுங்கிவிடும். ஏ.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 'கீச்' என்று ஒரு சத்தமாவது வரும், யாரோ குறுக்கே பேசுகிறார்கள் என்று தெரியும். 1977 மார்ச் 27-ல் டெனரீஃபில் அந்தக் கீச்சுதான் வந்தது. காத்திருக்கச் சொன்ன கண்ட்ரோல் டவரின் குரலும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் குரலும் மோதி, கே.எல்.எம். விமானத்தில் சில நொடிச் சத்தமாகக் கேட்டது. 583 பேர் இறந்தார்கள்.

கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு மிகவும் கடுமையானது. இப்போது உத்திரமேரூருக்கு வரலாம். பராந்தக சோழனின் 14-ம் ஆட்சியாண்டில், சுமார் 921-ல், வெட்டிய கல்வெட்டில் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறை விவரமாக இருக்கிறது. விவரம் தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் மற்ற நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைத் திரும்பப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும். விமான ரேடியோவில், ஓடுபாதையில் நுழையவோ ஏறவோ இறங்கவோ தரும் அனுமதியை பைலட் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்கிறார், டவர் அதைக் கேட்டுச் சரிபார்க்கிறது. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அந்த அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் உச்சரிப்பதில்லை. மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான்.