நிர்வாகப் பொறுப்பும் தோட்ட வரலாறும்

பொறுப்பு என்னும் சொல் 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பது சுமத்தல், தாங்குதல் எனப் பொருள்படும். ஆகவே, பொறுப்புடையவன் என்பான் பிறர்பொருட்டு ஒரு சுமையைத் தாங்குபவன் ஆவான். ஆணையிடும் அதிகாரம் மட்டும் ஒருவனைப் பொறுப்புடையவன் ஆக்கிவிடாது.

இக்கருத்தை வணிகக் கல்விக்கூடங்கள் இன்று தனிப்பாடமாகவே கற்பிக்க முற்பட்டுள்ளன. பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான கொள்கைகள் 2007-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு மன்றத்தின் ஆதரவில் வெளியிடப்பெற்றன. கோலாலம்பூரிலும், பேங்க் நெகாரா அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியோடு இணைந்து 2015-இல் ஆசிய வணிகப் பள்ளியை நிறுவிற்று. அத்தகைய கூடங்களில் பயில்வோர் ஆராயவேண்டிய வரலாறு நெடுந்தொலைவில் இல்லை. அந்நகரைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலேயே அது கிடக்கிறது.

தோட்டத் துரை எவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருந்தார்? அவரை அமர்த்தியவை முகவர் நிறுவனங்கள். அவற்றின் பின்னால் இருந்தோர் பெரும்பாலும் இலண்டன் மாநகரப் பங்குதாரர்கள். ஒரு இராத்தல் ரப்பருக்கு ஆகும் செலவே அவருடைய திறமையை அளக்கும் கோலாயிற்று. பெரட்டுக்களத்தில் விடியுமுன் வரிசையில் நின்றவர்களுக்கு அக்கணக்கில் கூலி என்ற பெயரில்தான் இடமுண்டு. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். செலவைக் குறைப்பதே கடமையென்று கொண்ட நிர்வாகத்திற்கு அதில் குற்றமொன்றும் தோன்றவில்லை.

பொறுப்பை நிர்வாகத்தின்மீது முதலில் சுமத்த முயன்றது சட்டமாகும். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. பின்வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டமே பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வாறே தோன்றின. ஆயின், சட்டம் கட்டடத்தைக் கேட்கலாம். கருத்தைக் கேட்க இயலுமா? கொட்டகையொன்றில் கிராணியோ கங்காணியோ சிலமணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததையே பள்ளி என்று கணக்கில் காட்டிய தோட்டங்களும் இருந்தன.

சட்டம் ஏட்டளவில் நின்றது என்பதற்கு 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தமே சான்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்கப்பட்டது. அதனோடு பிள்ளைகளுக்குச் செம்மையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு முடிவு ஆகியனவும் கேட்கப்பட்டன. துரையையோ உத்தியோகத்தரையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. சட்டம் வந்து 18 ஆண்டுகள் கழிந்தும் கல்வியையும் மருத்துவத்தையும் கேட்டுப் போராட நேர்ந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் நிர்வாகம் எதனைத் தாங்கிற்று? மிதிவண்டிக் கோரிக்கையோ கூலி உயர்வால் தீராதது. அது மானத்தைப் பற்றியது. நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர்; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

நாடு விடுதலை பெற்றபின் வேறொரு துன்பம் எழுந்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றனர். தோட்டம் சிதறியபோது வீடு, மருத்துவம், பள்ளி ஆகிய கடமைகளும் சிதறிப்போயின. எவரும் மீறாமலேயே பொறுப்பு மறைந்துவிடும் விந்தை இது. இதனை முறைப்படி ஆராய்ந்தவர் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பற்றிய அவருடைய ஆய்வு, தொழிலாளர் அடைந்த இழப்பை வெளிப்படுத்திற்று. பங்குதாரரின் ஆதாயத்தோடு பால்வெட்டுவோரின் வாழ்வையும் ஒரே கணக்கில் வைத்து நோக்கியமையே அவ்வாய்வின் சிறப்பாகும். பொறுப்புள்ள மேலாண்மை ஆராய்ச்சி என்று இன்று வழங்குவதற்கு இந்நாட்டில் இதனினும் சிறந்த முன்மாதிரி தேடவேண்டியதில்லை.

ஆய்வு நோயைக் காட்டிற்று. மருந்து ஒன்றைத் தேடியவர் துன் வீ. தி. சம்பந்தன். தொழிலாளரே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அது வாங்கிய முதல் தோட்டமாகும். பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று அவர் பெயரால் ஜாலான் துன் சம்பந்தன் என வழங்குவதை யாவரும் அறிவர்.

எனினும் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். உடைமை மாறினால் பொறுப்பு தானே வந்துவிடுமா? கூட்டுறவுத் தோட்டத்திலும் நிர்வாகி உண்டு, பால்வெட்டுவோரும் உண்டு. பங்கு வைத்திருப்போர் பலர் வேறு தோட்டங்களில் வாழ்வோர். அவர்கள் ஆதாயப் பங்கு மிகவேண்டும் என்பர். உழைப்போர் கூலி உயரவேண்டும் என்பர். இருவருமே ஏழைகள். பழைய துரைக்கு வராத அறச்சிக்கல் இது. இதனைத் தீர்ப்பதற்குக் கூட்டுறவு தரும் கருவி, பங்கு எத்துணையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் நெறியாகும். அந்நெறி பயன்தர வேண்டுமாயின் உறுப்பினர் கணக்கைப் படிக்கவும், பொதுக்கூட்டத்தில் அஞ்சாது வினவவும் கற்றிருத்தல் வேண்டும்.

இவற்றால் பெறப்படுவது யாது? சட்டமும், தொழிலாளர் குரலும், ஆய்வும், கூட்டு உடைமையும் ஒன்றன்பின் ஒன்றாக நிர்வாகத்தை வினவின. வினா நின்றபோதெல்லாம் பொறுப்பும் தளர்ந்தது. நல்ல மனமுடைய துரைமார் சிலர் இருந்திருக்கலாம். ஆனால், அவர் மாற்றலாகிச் சென்றால் அந்நன்மையும் உடன் சென்றுவிடும். கேட்பவர் நிலைத்திருந்தால்தான் பொறுப்பும் நிலைக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல குடியிருப்பு நகர்களாக மாறிவிட்டன. தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளுள் தனியார் நிலத்தில் நின்றவற்றுக்கு, இந்நிலம் யாருடையது, இனி இதைக் காப்பவர் யார் என்ற கேள்விகள் எழுந்தன. மேலாண்மை பயிலும் மாணவர் அயல்நாட்டுக் கம்பெனிகளின் கதைகளைக் கற்கட்டும். அவற்றோடு ஒரு தோட்டப்பள்ளியின் நிலப்பத்திரத்தையும் படித்துப் பார்க்கட்டும். தமிழாசிரியர்களும் அதனை மாணவர்க்குக் கதையாகவேனும் சொல்லி வைத்தல் நன்று. வினவக் கற்ற பிள்ளைகளே நாளை நிர்வாகிகளிடம் கணக்குக் கேட்பவர் ஆவர். அவர்களுள் சிலர் நிர்வாகிகளும் ஆவர்.