கடல் கடந்த விமானிகளும் கணக்கேடும்

போர்க்கு ஆள் திரட்டுதல் ஒரு வினை. திரட்டிய வீரனை, அவன் எங்கிருப்பினும், தம் நாட்டவனாகவே பேணுதல் அதனினும் அரிய வினையாம். இதற்குக் கனடா விமானப் படையின் வரலாறு சான்று பகரும்.

1939 டிசம்பர் 17-ஆம் நாள், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நான்கு அரசுகளும் ஆட்டவா நகரில் விமானிகளைப் பயிற்றுதற்கு உடன்படிக்கை செய்தன. பயின்று கடல் கடப்போர் தத்தம் நாட்டுப் பெயரோடு விளங்குதல் வேண்டும் என்பது அதன் 15-ஆம் விதி. ஆயினும், கனடா விமானிகளிற் பெரும்பாலோர் பிரிட்டிஷ் அணிகளிலேயே சிதறிக் கலந்தனர். அங்கு அவர்க்குச் சம்பளம் அளித்ததும் பிரிட்டனே. படியளப்போன் சொல்லன்றோ செல்லும்? ஆதலின், இலண்டனிலிருந்த கனடா விமானப் படைத் தலைமை நிலையம் தன் வீரரின் பதவி உயர்வு முதலியவற்றிற்காக இடையறாது வாதாட வேண்டியதாயிற்று. 1943 ஜனவரி 1 முதல் கனடாவுக்குரிய 6-ஆம் குண்டுவீச்சுக் குழு இயங்கலாயிற்று. அவ்வாண்டே தன் விமானிகள் அனைவரின் சம்பளத்தையும் கனடா தானே ஏற்றது. அதன் சொல்லும் வலுப்பெற்றது.

1953-இல் இங்கிலாந்தின் ரன்னிமீடில் திறக்கப்பெற்ற நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 20,000-க்கு மேற்பட்ட விமானப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. கனடா மைந்தர் பலர் பெயரும் அவற்றுள் உள. அன்பர்காள்! உடலும் கிட்டாத மகனைப் பெற்றோர்க்கு மீட்டளிப்பது, பிழையின்றி எழுதிக் காத்த அவன் பெயரொன்றே.