அச்சே மக்கள் வாங்கிக் கொடுத்த ஆகாயக் கப்பல்



சிறு துளி பெரு வெள்ளம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் பந்தல் போடலாம். நூறு பேர் சேர்ந்தால் கோயில் கட்டலாம், பள்ளிக்கூடம் கட்டலாம். ஆனால் ஏரோப்பிளேன் வாங்க முடியுமா? வயலில் வேலை செய்பவரும், சந்தையில் கடை வைத்திருப்பவரும், காதில் தோடு போட்ட அம்மாமார்களும் சேர்ந்து ஒரு நாட்டுக்கே விமானம் வாங்கிக் கொடுக்க முடியுமா? முடியும். கொடுத்தும் இருக்கிறார்கள். ரொம்ப தூரத்தில் இல்லை. பினாங்கிலிருந்து மேற்கே மலாக்கா நீரிணையைத் தாண்டினால், சுமத்ரா தீவின் வடமுனையில் இருக்கும் அச்சேயில்தான் அது நடந்தது.

அச்சேயின் தலைநகர் பண்டா அச்சே. அங்கே பிளாங் பாடாங் என்று ஒரு பெரிய திடல் உண்டு. அந்தத் திடலில், மேடையின் மேல், இரண்டு இயந்திரமுள்ள பழைய காலத்து விமானம் ஒன்று நிற்கிறது. அதில் எழுதியிருக்கும் எண் ஆர்.ஐ.-001. பெயர் செலாவா. தங்கமலை என்று பொருள். அச்சேயில் உள்ள ஒரு மலையின் பெயரும் அதுவே. இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த இனத்து விமானத்துக்கு டகோட்டா என்று பெயர். அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் பயணிகளுக்காகச் செய்த டி.சி.-3 விமானம் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-இல் முதன்முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதையே படைக்காக மாற்றி, பெரிய கதவும் உறுதியான தரையும் வைத்து, சி-47 என்று பெயர் சூட்டினார்கள். ஏறக்குறைய 28 படைவீரர்களையோ, இரண்டரை டன்னுக்கும் மேலான சாமானையோ தூக்கிக்கொண்டு போகும். மண்தரையிலும் இறங்கும். வால் பக்கம் சின்னச் சக்கரம் இருப்பதால், தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பத்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் மிச்சமானவற்றை மலிவாக விற்றார்கள். அப்படித்தான் புதிதாக விடுதலை தேடிய நாடுகளுக்கும் டகோட்டா கிடைத்தது.

இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17-இல் சுதந்திரப் பிரகடனம் செய்தது. டச்சுக்காரர்கள் விடுவதாக இல்லை. திரும்பி வந்து துறைமுகங்களைப் பிடித்தார்கள், கடல்வழியையும் வான்வழியையும் அடைத்தார்கள். குடியரசின் தலைநகரம் யோக்யகர்த்தாவுக்கு மாறியது. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் போக்குவரத்தே கஷ்டமாகிவிட்டது. மருந்துகூட உள்ளே போக முடியாத நிலை.

மருந்து என்றதும் ஒரு சோகச் செய்தி. 1947 ஜூலை 29 அன்று, மலாயா செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்துகளை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஒரு டகோட்டா யோக்யகர்த்தாவுக்குப் போனது. அது இந்தியாவின் பிஜு பட்நாயக்குக்குச் சொந்தமான விமானம். தரையிறங்கப் போகும் நேரத்தில் டச்சுப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த ஒன்பது பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். இரவல் விமானத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது, நமக்கென்று சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் குடியரசின் தலைவர்களுக்கு வலுத்தது.

ஆனால் பணத்துக்கு எங்கே போவது? கஜானாவில் இருந்தால்தானே!

அந்தச் சமயத்தில் டச்சுப் படை உள்ளே நுழைந்து பிடிக்க முடியாத நிலப்பகுதி அச்சே. 1948 ஜூன் மாதம் அதிபர் சுகர்னோ அங்கே போனார். அப்போது பண்டா அச்சேக்குக் குத்தாராஜா என்று பெயர். ஜூன் 16-ஆம் தேதி அச்சே ஹோட்டலில் வணிகர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் சந்தித்து, நாட்டுக்கு ஒரு டகோட்டா வாங்கித் தாருங்கள் என்று கேட்டார். பதில் வரும் வரை சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டதாக இன்றும் ஒரு கதை சொல்வார்கள்.

அப்போது அச்சேயின் இராணுவ ஆளுநராக இருந்தவர், மக்கள் பெரிதும் மதித்த சமய அறிஞர் தாவுத் பெரோயே. வசூல் தொடங்கியது. வணிகர்கள் வெள்ளியாகக் கொடுத்தார்கள். பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களும் உண்டு. அச்சேயில் தங்கத்தை மாயம் என்ற அளவில் எடை போடுவார்கள். ஒரு மாயம் மூன்றேகால் கிராமுக்குச் சற்றுக் கூடுதல், நம் பவுனில் பாதிகூட வராது. அப்படி ஒரு மாயம், இரண்டு மாயம் என்று சேர்ந்த தங்கத்தில்தான் ஒரு விமானம் வந்தது. தங்கமலை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

1948 நவம்பரில் துணை அதிபர் முகமது ஹத்தா இந்த விமானத்தில் சுமத்ராவைச் சுற்றி வந்தார். குத்தாராஜாவில் ஊர்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் பறந்தும் காட்டினார்கள். பணம் கொடுத்த ஊருக்கு மேலே அந்த விமானமே பறந்தால், கீழே நின்று பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

டிசம்பர் தொடக்கத்தில் பழுது பார்க்கவும், கூடுதல் எண்ணெய்த் தொட்டி பொருத்தவும் விமானம் கல்கத்தாவுக்குப் போனது. அது அங்கே இருந்தபோதே, டிசம்பர் 19-இல் டச்சுப் படை யோக்யகர்த்தாவைப் பிடித்தது. சுகர்னோவும் ஹத்தாவும் கைதானார்கள். விமானம் ஊர் திரும்ப வழி இல்லை.

அதற்காக அதை ஓட்டியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடவில்லை. விவேகோ சுபோனோ என்ற விமானப்படை அதிகாரியின் தலைமையில் இந்தோனேசியன் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தை வெளிநாட்டிலேயே தொடங்கினார்கள். உள்நாட்டுக் கலகத்தில் சிக்கியிருந்த பர்மா அரசுக்குப் போக்குவரத்து விமானம் தேவையாக இருந்தது. 1949 ஜனவரி 26-இல் செலாவா கல்கத்தாவிலிருந்து இரங்கூனுக்குப் பறந்து வாடகை வேலையை ஆரம்பித்தது. அந்த நாளைத்தான் இன்றைய கருடா இந்தோனேசியா நிறுவனம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. 1949 டிசம்பர் 27-இல் டச்சுக்காரர்கள் ஆட்சியுரிமையை ஒப்படைத்தார்கள்.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருந்தால் நல்லது. ஆனால் சரித்திரம் அப்படி முடியவில்லை. 1950-இல் அச்சே தனி மாநிலம் என்ற தகுதியை இழந்து, வட சுமத்ராவோடு சேர்க்கப்பட்டது. கொடுத்தவர்களின் மனம் புண்பட்டது. வசூலின்போது அச்சேயை வழிநடத்திய அதே தாவுத் பெரோயே 1953-இல் மத்திய அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். 1959-இல் அச்சேக்குத் தனிச் சிறப்புத் தகுதி கிடைத்தது. அதன் பிறகும் அமைதி நிலைக்கவில்லை. 1976-இல் பிரிவினைப் போராட்டம் தொடங்கி, ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அதற்கு நடுவே, 1984-இல்தான் பிளாங் பாடாங் திடலில் செலாவா நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அந்த நகரத்தைச் சூறையாடியது. 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது.

விமானத்தை மேடையேற்றி வைத்தால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. நினைப்பது என்றால் சிலை வைப்பது மட்டும்தானா? கொடுத்தவனிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் அதில் சேர்த்திதானே!

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 2018-இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய அச்சே முதியவர் ஒருவர் ஜகார்த்தாவில் அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோவைச் சந்தித்தார். இளவயதில் நிலத்தையும் தங்கத்தையும் விற்று விமான நிதிக்குக் கொடுத்தவர் அவர். அதற்குச் சான்றாகக் கிடைத்த காகிதச் சீட்டை அவ்வளவு காலமும் பத்திரமாக வைத்திருந்தார். அதிபரிடம் அவர் என்ன கேட்டார் தெரியுமா? கண்ணுக்குச் சிகிச்சை, ஊருக்கு ஒரு பள்ளிவாசல், மக்காவுக்கு ஒரு பயணம். இவ்வளவுதான். கொடுத்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். அதிகம் கேட்க மாட்டார்கள். கேட்கவில்லையே என்று நாம் மறந்துவிடுவதுதான் தப்பு.

மாணவச் செல்வங்களே! தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் சுவரிலும் கூரையிலும் பால்மரம் வெட்டிய கைகளின் காசு இருக்கிறது. சம்பள நாளில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதை விற்றுக் கொடுத்தார்கள் என்று. அவர்கள் சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அச்சே முதியவரின் கையில் இருந்த சீட்டைப் போல, அதுவும் ஒரு நாள் சரித்திரம் பேசும்.