சான்றிதழ் பெற்ற உள்தணிக்கையாளர்

சான்றிதழ் பெற்ற உள்தணிக்கையாளர் (சி.ஐ.ஏ.) என்பது உள்தணிக்கைப் பணிக்கென்றே அமைந்த, பல நாடுகளில் மதிக்கப்படும் தொழில்முறைத் தகுதி. 1941-இல் நியூயார்க்கில் தோன்றி, இன்று புளோரிடாவின் லேக் மேரியிலிருந்து இயங்கும் உள்தணிக்கையாளர் கழகம் இதை வழங்குகிறது. முதல் தேர்வு 1974-இல் நடந்தது.

ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் ஆடிட்டர் வெளியாள். உள்தணிக்கையாளர் கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல், கணினி அனுமதிகள் என நிறுவனத்தின் அன்றாட நடைமுறைகளுக்குள் புகுந்து, கட்டுப்பாடுகள் எங்கே தளர்ந்துள்ளன என்று பார்ப்பவர். சம்பளம் தரும் நிர்வாகத்தின் குறையையே எழுத வேண்டிய சங்கடமான வேலை இது. அதனால்தான் இயக்குநர்களைக் கொண்ட தணிக்கைக் குழுவை அவர் நேரடியாக அணுக வழி இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் வேர்ல்டுகாம் நிறுவனத்தில் அன்றாடச் செலவுகள் மூலதனச் செலவாகக் காட்டப்பட்டதை 2002-இல் சிந்தியா கூப்பரின் உள்தணிக்கைக் குழு கண்டுபிடித்தது. ஆய்வைத் தள்ளிப்போடும்படி நிதித் தலைவர் கேட்டும் கூப்பர் இணங்கவில்லை. தணிக்கைக் குழுத் தலைவரிடமே சென்றார். முதலில் வெளியான முறைகேட்டுத் தொகையே சுமார் 380 கோடி டாலர்.

தேர்வில் மூன்று தாள்கள். முதல் தாளுக்கு 125 வினாக்கள், 150 நிமிடங்கள். மற்றவற்றுக்குத் தலா 100 வினாக்கள், 120 நிமிடங்கள். எல்லாம் கொள்குறி வினாக்களே. 250 முதல் 750 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. பாடத்திட்டம் 2025-இல் மாறியது. அதே ஆண்டு ஜனவரி 9 முதல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகளே அதற்கு அடிப்படை. சூத்திரங்களை மனப்பாடம் செய்து இதில் தேற முடியாது. சரிபோலத் தோன்றும் இரண்டு விடைகளில் தரநிலைக்குப் பொருந்துவது எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

தேர்ச்சி மட்டும் போதாது. முதுகலைப் பட்டதாரிக்கு ஓராண்டும் இளங்கலைப் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டுகளும் பணி அனுபவம் தேவை. தொழிலில் இருப்போர் ஆண்டுக்கு 40 மணி நேரத் தொடர்கல்வியையும் முடிக்க வேண்டும்.

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் உள்தணிக்கையாளரை நியமித்தாக வேண்டும். அவர் பட்டயக் கணக்காளராகவோ (சி.ஏ.), காஸ்ட் அக்கவுண்டன்டாகவோ, இயக்குநர் குழு ஏற்கும் வேறு தொழில்முறையாளராகவோ இருக்கலாம். சி.ஐ.ஏ. மட்டும் முடித்தவருக்கு இடம் தருவது இந்தக் கடைசி வகையே. ஆனால் கம்பெனிகளின் சட்டப்படியான ஆண்டுத் தணிக்கையில் கையெழுத்திடும் உரிமை சி.ஏ.க்களுக்கு மட்டுமே உண்டு.